தர்ஷியின் பல்லில் ஒரு வெள்ளைக் கோடு

என் மகளின் பல்லுக்கு நான் கெடுதல் செய்தது பற்பசையைக் கொடுத்த நாட்களிலா, நிறுத்திய நாட்களிலா?

நாலு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேள்வியின் ஒரு பாதிக்கு விடை தெரிந்துவிட்டது. மறுபாதிக்கு இன்னும் தெரியவில்லை.

அது ஒரு காலை. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில், எங்கள் குவாட்டர்ஸின் பின்புறம். மலையிலிருந்து இறங்கிவரும் தண்ணீர் குழாய் வழியாக விழும் இடத்தை நாங்கள் பீலி என்போம். பீலியடியில் இருந்த துணி துவைக்கும் கல்லின்மேல் தர்ஷினியை நிறுத்திப் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது மூன்றரை வயது. தண்ணீர் தொட்டால் விரல் மரத்துப்போகும் குளிர். பனிமூட்டத்தில் எதிர்மலைத் தேயிலை தெரியவில்லை. அவள் வாயில் இருந்த நுரைக்கு மட்டும் இளஞ்சிவப்பு நிறம்.

"ஈ காட்டு."

காட்டினாள். மேல்வரிசை முன்பற்கள் இரண்டிலும், ஈறை ஒட்டி, சோக்கால் மெல்லக் கீறியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு.

விரலால் தேய்த்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். போகவில்லை.

"அம்மா, குளுருது. வாய மூடவா?"

"இரு. இன்னொரு தரம் ஈ காட்டு. பேஸ்ட்டத் துப்பினியா?"

"முழுங்கிட்டேன்."

கொழும்பில் இருக்கும் என் தங்கை அனுப்பிய ஸ்ட்ரோபெரி வாசனைப் பற்பசை அது. தர்ஷிக்கு அது பற்பசை அல்ல, தின்பண்டம். நான் பார்க்காதபோது மூடியைத் திறந்து நக்குவாள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்துவிட்டு இருந்தவள்தான் நான். அந்தக் கோட்டைப் பார்த்த நிமிடத்திலிருந்து சிரிப்பு நின்றுவிட்டது.

குழாயின் முதுகில் இருந்த எழுத்து

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் பாடசாலைக் கூரையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, பட்டிப்பொலவிலிருந்து ஒரு வாசகி, "நீங்கள் எதையும் சும்மா விடமாட்டீர்களா?" என்று கேட்டு எழுதியிருந்தார். உண்மைதான். நான் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்து, பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகள் போதாமல் திரும்பியவள். எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சம்தான் என்னைப் பாடாய்ப் படுத்துவது.

அன்று பாடசாலையிலிருந்து கைவில்லை ஒன்றைக் கொண்டுவந்து, பற்பசைக் குழாயின் முதுகில் இருந்த சின்ன எழுத்துகளை வாசித்தேன். ஒரு பற்பசைக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று பயத்தையும் மீறி ஆச்சரியமாக இருந்தது.

முதலில் கல்சியம் காபனேற்று. சுண்ணாம்புக் கல்லும் சோக்கும் அதுதான். பல்லில் படிந்ததைத் தேய்த்து எடுக்கும் வேலை அதற்கு. சிறுவயதில் நாங்கள் அடுப்புக்கரியை வைத்துச் செய்ததும் அதே வேலைதான், ஆனால் கரி முரட்டு வேலைக்காரன், பல்லையும் சேர்த்துத் தேய்த்துவிடும்.

பசை காய்ந்து கட்டியாகாமல் ஈரமாக வைத்திருக்க சோபிற்றோல். அதற்கு இனிப்பும் உண்டு, ஆனால் வாயிலுள்ள கிருமிகளால் அதைச் சீனியைப்போல் எளிதில் அமிலமாக்க முடியாது. நுரைக்கு சோடியம் லோரில் சல்பேற்று. ஷாம்பூ நுரைப்பதும் இந்தக் குடும்பத்துப் பொருட்களால்தான். பல் விளக்கிய கையோடு தோடம்பழம், அதாவது ஆரஞ்சு, தின்றால் கசப்பதற்கு இதுவே காரணம். நாக்கில் இனிப்பை உணரும் இடத்தை இது கொஞ்ச நேரம் மந்தமாக்கிவிடும்.

இதை நான் குழாயில் படிக்கும் முன்பே என் கணவர் அறிந்திருந்தார். அவர் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் சின்ன டீமேக்கர், தேயிலை தயாரிப்பை மேற்பார்க்கும் உதவியாளர். தேத்தண்ணி ருசி பார்க்க வேண்டிய காலைகளில் பற்பசையைத் தொடமாட்டார். வெறும் பிரஷ், வெறும் தண்ணீர். "நாக்க அடகு வச்சிட்டு எப்படிம்மா ருசி பாக்குறது?" என்பார்.

கடைசியாக இருந்தது புளோரைட்டு. அந்தச் சொல்லில் என் கண் நின்றுவிட்டது.

ஒரு கிணற்றின் கதை

என் கணவரை எனக்குப் பேசி முடித்தபோது, அவர் கடுமையான மனிதர் என்று நினைத்தேன். பெண் பார்க்க வந்தவர் ஒருதரம்கூடப் பல் தெரியச் சிரிக்கவில்லை. கல்யாணப் படத்திலும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறார்.

கல்யாணமாகி ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. சிரிக்கும்போது இடது கையைத் தூக்கி, கட்டைவிரலைத் தாடைக்கடியில் வைத்து, நாலு விரலால் வாயை மூடிக்கொள்வார். அந்த விரல்களுக்குப் பின்னால் பற்களெல்லாம் பழுப்புத் திட்டுகள்.

அவர் பால்குடிப் பிள்ளையாக இருந்தபோது, ஒரு கலவரத்துக்குப் பிறகு, அவருடைய பெற்றோர் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் குடியேறியிருக்கிறார்கள். அங்கே கிணற்றுத் தண்ணீர். பதினாறு வயதில் போருக்குப் பயந்து மாமா வீட்டுக்கு இங்கே திரும்பி வரும்வரை அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறார். அந்தப் பக்கத்து நிலத்தடி நீர் பலவற்றில் புளோரைட்டு அதிகம். பல் உருவாகும் வயதில் அது உடம்புக்குள் கூடுதலாகப் போனால், பின்னால் முளைக்கும் பல்லில் வெள்ளைத் திட்டு வரும். கடுமையானால் பழுப்பு.

மலைக்குத் திரும்பியதும் கரி, உப்பு, சாம்பல், செங்கல் தூள் என்று எல்லாவற்றாலும் தேய்த்தாராம். ஈறு கிழிந்ததுதான் மிச்சம். அது மேலே படிந்த கறை அல்ல, பல்லோடு சேர்ந்து உருவானது. தேய்த்தால் எப்படிப் போகும்?

பெக்டரியில் அவர் காதுபடவே ஒருவர் சொன்னாராம்: "நம்ம ஐயா பல்லு, தேத்தண்ணி குடிச்சுட்டுக் கழுவாம வச்ச கோப்பை மாதிரி." இவரும் சேர்ந்து சிரித்தாராம், கையை வைத்துக்கொண்டு.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும், பீலியடியில் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தபோது என் மனம் எங்கே போனது என்று. வெள்ளை வந்துவிட்டது, அடுத்தது பழுப்பு. பெண் பிள்ளை. விழுங்கவிட்டது நான்.

தேயிலைத் தோட்டத்தில் தேத்தண்ணிக்குத் தடை

பற்பசையை அன்றே நிறுத்தினேன். கணவரிடம், "முடிஞ்சிருச்சு, அடுத்த மாசம் வாங்கிக்கலாம்" என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, உங்கள் பல்லைப் போல் ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது என்றா?

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பாடசாலையில் ஒரு பழைய புத்தகத்தில், தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைட்டை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும் என்று படித்துவிட்டேன். அவ்வளவுதான். தேத்தண்ணிக்கும் தடை.

நான் பாடசாலைக்குப் போகும் நேரத்தில் தர்ஷி பிள்ளைக் காம்பராவில் இருப்பாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் செல்லம்மாக்கா. வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், ஊரையே நையாண்டி செய்யும் வாய்.

"செல்லம்மாக்கா, தர்ஷிக்கு இனிமே தேத்தண்ணி வேணாம். இந்தப் போத்தல்ல குளுக்கோஸ் கரைச்சு வச்சிருக்கேன். கேக்கிறப்பல்லாம் இதக் குடுங்க."

"என்னா டீச்சர், தேத்தண்ணிக்கு என்னா கேடு வந்திச்சு?"

"பல்லுக்கு ஆகாதாம்."

"ஐயா ஊரு பூராவுக்கும் தேயில காய்ச்சிக் குடுப்பாராம், அவரு மகளுக்கு மட்டும் ஆகாதாம்! இது நல்லாருக்கே." பக்கத்தில் ஒரு பிள்ளையைத் துடைத்துக்கொண்டே சத்தமாகச் சொன்னார். "அடியே தர்ஷி, ஒங்கப்பன வேற வேல தேடச் சொல்லு!"

அன்று மாலையே கதை பெக்டரிக்குப் போய், கணவர் வீட்டுக்கு வந்து கேட்டார். "என்னம்மா, நம்ம எல மேலயே சந்தேகமா?" கையால் வாயை மூடிச் சிரித்தார். நானும் சிரித்து மழுப்பினேன்.

ஆறு மாதம். பற்பசை இல்லை. நாள் முழுக்க, கொஞ்சம் கொஞ்சமாக, போத்தலில் குளுக்கோஸ் தண்ணீர். பாலில்லாத சாயத்தண்ணி என்றால் அரைக் கரண்டி சீனிதான் போட்டிருப்பேன். குளுக்கோஸ் சத்து என்பதால் தாராளமாகவே போட்டேன்.

வெள்ளைக் கோடு மஞ்சளானது. பிறகு ஒரு நாள், பீலித் தண்ணீர் வாயில் பட்டதும் தர்ஷி வீரிட்டு அழுதாள். கோடு இருந்த இடத்தில், ஊசி நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம்.

கையை எடுங்கோ பாப்பம்

நகரத்து ஆஸ்பத்திரியில் பல் டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். நரைத்த கொண்டை, பெரிய கண்ணாடி. கணவர் லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்திருந்தார்.

"தர்ஷினி, சிங்கம் மாதிரி வாயைத் திறவுங்கோ பாப்பம். ஆ... கெட்டிக்காரி." ஒரு சின்னக் குழாயால் பல்லின்மேல் காற்றை ஊதி உலர்த்தினார். உலர்ந்ததும், நான் காணாத இடங்களிலும் வெள்ளை தெரிந்தது. "எந்தப் பேஸ்ட் பாவிக்கிறனீங்கள்?"

"பேஸ்ட் இல்லைங்க டொக்டர். ஆறு மாசமா வெறும் தண்ணிதான்."

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"வெள்ளையாக் கோடு தெரிஞ்சிச்சு. புளோரைட்டு கூடிப்போச்சோன்னு..."

"நீங்கள் டீச்சரோ?"

"ஆமாங்க."

"நினைச்சனான்." கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "ஒண்டும் படியாத தாய்மார் நான் சொல்லுறதைச் செய்வினம். அரைவாசி படிச்ச ஆக்களோடதான் எனக்குக் கரைச்சல். கோடு எங்க இருந்தது? முரசுக் கரையிலதானே?"

ஈறைத்தான் முரசு என்கிறார் என்று புரிந்தது. தலையாட்டினேன்.

"அது புளோரைட் கூடின வெள்ளை இல்லை, பிள்ளை. அமிலம் அரிச்ச வெள்ளை. பல்லுச் சூத்தையின்ர முதல் படி. இந்த முன் பாற்பல்லு அநேகமா உங்கட வயித்துக்கையே உருவாகினது. நீங்கள் பேஸ்ட்டைக் காட்ட முதலே அந்த வேலை முடிஞ்சுது. என்ன குடிக்கிறவா?"

"குளுக்கோஸ் தண்ணி. போத்தல்ல."

கையிலிருந்த சின்னக் கண்ணாடியைத் தட்டில் வைத்தார். "தேத்தண்ணி குடுக்கிறேல்லையோ?"

"தேயிலையிலயும் புளோரைட்டு இருக்குன்னு படிச்சேன்..."

"ஐயோ, கடவுளே."

பிறகு பொறுமையாக விளக்கினார். பல்லின் வெளிப்பூச்சு, எங்கள் பாடப்புத்தகம் மிளிரி என்று சொல்வது, ஒருவகைக் கல்சியம் பொசுபேற்று. வாயிலுள்ள கிருமி இனிப்பைத் தின்று அமிலம் விடும்போது, அந்தக் கல் கொஞ்சம் கரையும். இனிப்பு நின்றால் எச்சில் அமிலத்தைத் தணித்து, கரைந்ததைத் திரும்ப வைக்கும். பக்கத்தில் சிறிதளவு புளோரைட்டு இருந்தால், திரும்ப வைத்தது முன்னையைவிட உறுதியாக இருக்கும். வெள்ளைக் கோடு என்றால், கரைவது திரும்புவதைவிடக் கூடிவிட்டது என்று அர்த்தம். பள்ளம் விழும் முன் பிடித்தால் அதைத் திருப்பலாம்.

அதாவது, பற்பசை மிகவும் தேவைப்பட்ட நாளில் அதை எடுத்து ஒளித்தேன். எச்சிலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய நேரத்தில் போத்தலைக் கொடுத்தேன். என் மகளுக்கு நான் அக்கறையோடு செய்தது இது.

"ஏன் பிள்ளை, புளோரைட்டுக்கு அவ்வளவு பயம்?" என்று கேட்டார் டொக்டர்.

பின்னால் நின்ற கணவர் சொன்னார்.

"என் பல்லப் பாத்துப் பயந்திருப்பாங்க டொக்டர்."

சொல்லிவிட்டுச் சிரித்தார், வழக்கம்போல் இடது கையைத் தூக்கிக்கொண்டு.

"கையை எடுங்கோ பாப்பம்," என்றார் டொக்டர். அவர் தயங்கி எடுத்தார். வேற்று மனிதர் முன்னால் அவர் கையை எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "எந்த ஊர்க் கிணறு?"

"வவுனியாப் பக்கம்."

"ம். ஒரு பல்லாவது சூத்தையாகி வலிச்சதோ?"

"இல்லைங்க. ஒண்ணுகூட இல்ல."

"வலிச்சிராது எண்டுதான் நினைச்சன். நிறம்தான் பழுதாப்போச்சு. பல்லு நல்ல உறுதி." பிறகு தர்ஷி பக்கம் திரும்பினார். பள்ளத்தை அடைத்தார். என்னிடம், "பயறு அளவு பேஸ்ட். பெரிய ஆள் ஒராள் பக்கத்தில நிண்டு விளக்க வேணும். துப்பினாப் போதும், தண்ணி விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். கொப்பளிச்சா மருந்தையும் சேத்து ஊத்துறீங்கள்" என்றார்.

பஸ்ஸில்

திரும்பும் பஸ்ஸில் தர்ஷி என் மடியில் தூங்கிவிட்டாள். கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து திரும்பாமலே சொன்னார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"என்னான்னுங்க சொல்றது?"

"இந்தப் பல்லு எம்புள்ளைக்கு வேணாம்னு. நானும் அதத்தானே சொல்லியிருப்பேன்? ரெண்டு பேருமா டொக்டர்கிட்ட அன்னைக்கே போயிருப்போம்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, தூங்குகிற பிள்ளையின் கால் சப்பாத்தைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து தர்ஷிக்குப் பல் விளக்கிவிடுவது அவர் வேலையானது. பீலியடியில் அப்பாவும் மகளும் யார் தூரம் துப்புவது என்று போட்டி. தேத்தண்ணி திரும்பி வந்தது, சீனி இல்லாமல், கோப்பையில். போத்தலைச் செல்லம்மாக்காவே வாங்கி, விறகு மேடைக்குப் பின்னால் எறிந்துவிட்டார். "போச்சு சனியன்" என்றார். என்னைச் சொன்னாரா, போத்தலைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

முட்டை சொன்னது

நான் எதையும் சும்மா விடமாட்டேன் என்றேனே. ஏழாம் வகுப்பில் ஒரு முட்டையைக் கொண்டுபோனேன். முட்டை ஓடும் கல்சியம் காபனேற்றுதான். பல் அல்ல, ஆனால் அமிலத்துக்குப் பயந்த சாதி. அதன் ஒரு பாதியில் மட்டும் பற்பசையைப் பூசி, ஒரு நாள் வைத்து, கழுவி, வினாகிரியில் போட்டோம். பூசாத பாதியில் குமிழி பொங்கியது. பூசிய பாதியில் குறைவு.

பிள்ளைகள் கைதட்டினார்கள். "டீச்சர், அப்போ கோழிக்கும் பேஸ்ட் குடுத்தா ஓடு ஒடயாதுங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பே சிரித்தது.

எனக்கு மட்டும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தேகம். குமிழி குறைந்தது புளோரைட்டாலா, சரியாகக் கழுவாமல் பசை ஒட்டிக்கொண்டு இருந்ததாலா? இன்னொரு முட்டையில் புளோரைட்டு இல்லாத பற்பசையைப் பூசிப் பார்த்திருக்க வேண்டும். அதற்குள் முட்டை வைத்த பாத்திரம் சமையலுக்குத் தேவைப்பட்டது.

இப்போது

தர்ஷிக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. அடைத்த பல் விழுந்து, புதிய பற்கள் முளைத்துவிட்டன. பெரிய, நல்ல பற்கள். இடது முன்பல்லின் நடுவில் மட்டும், குறுணி அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

ஈறின் ஓரத்தில் இல்லை, நடுவில். இந்தப் பல் அவள் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த ஸ்ட்ரோபெரிப் பசையைத் தின்றாள். அதே காலத்தில் அவளுக்குக் கடுமையான காய்ச்சல் ஒன்றும் வந்தது. பிள்ளைக் காம்பராப் படியில் விழுந்து வாயில் அடிபட்டும் இருக்கிறாள். எதனால் இந்தப் புள்ளி? அந்த டொக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர், "சொல்ல ஏலாது, பயப்பட ஒன்றுமில்லை" என்றார். என் கேள்வியின் மறுபாதி இதுதான். இதோடு வாழப் பழகிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

போன மாதம் பாடசாலை விளையாட்டுப் போட்டியில், தர்ஷியின் தோழி ஒருத்தி சாக்கு ஓட்டத்தில் விழுந்து உருண்டாள். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். தர்ஷியும் சிரித்தாள். இடது கையைத் தூக்கி, கட்டைவிரலைத் தாடைக்கடியில் வைத்து, நாலு விரலால் வாயை மூடிக்கொண்டு.

புள்ளியைச் சொல்லி யாராவது கேலி செய்தார்களோ என்று பதறிப்போய்க் கேட்டேன். அவளுக்குத் தன் பல்லில் புள்ளி இருப்பதே தெரியவில்லை.

"பின்ன ஏன்டி கைய வச்சு மூடுற?"

"அப்பிடித்தானே சிரிக்கணும்? அப்பா அப்பிடித்தானே சிரிக்கிறாங்க."

கையை எடு என்று சொன்னால், அப்பா மட்டும் ஏன் எடுப்பதில்லை என்று கேட்பாள். அதற்கு நான் சொல்லும் பதில் அவர் காதில் விழும். ஒருதரம் அவரிடம் சொல்லாமல் மறைத்ததற்குத் தர்ஷியின் பல் பதில் சொன்னது. இருந்தும் இந்த ஒரு மாதமாக மறுபடியும் மறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை வரும். முதலில் பிரிப்பவர் அவர்தான். அதை நினைவில் வைத்துக்கொண்டேதான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன். ஆனால் படித்துவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்கும்போது என்ன சொல்வது என்று மட்டும் தெரியவில்லை.

உங்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு கை இருந்திருக்கும். அதை இறக்கச் சொல்லி முதலில் கேட்க வேண்டியது யாரிடம், மகளிடமா, அவள் அப்பாவிடமா? எந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டீர்கள்? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.